சுண்ணச்சத்து மாத்திரையும் குடல்நலமும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மேடையில் குடலைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். கல்வி என்பது தேர்வில் வெற்றி பெறுவதோடும், வேலையில் அமர்வதோடும் முடிந்துவிடுவதன்று. மருந்துச் சீட்டைப் படித்துப் பொருள் உணர்வதும், விளம்பரம் கூறுவதை நம்பலாமா என்று ஆராய்வதும் கல்வியே ஆகும். நம் முன்னோடியாகிய அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) சித்த மருத்துவராக விளங்கியவர். 1907ஆம் ஆண்டில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் இதழைத் தொடங்கியவர். உடற்பிணிக்கு மருந்தும் அறியாமைப் பிணிக்கு எழுத்தும் ஒரே கையால் வழங்கிய அப்பெருமகனாரின் வழியில் வந்த நாம், உடல்நலத்தைக் கல்விக்குப் புறம்பான பொருளாகக் கருதுதல் பொருந்தாது.

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு ஒரு காரணம் உண்டு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வாழும் நம் குடும்பங்களில், நடு வயதைக் கடந்தவர் பலர் கால்சியம் எனப்படும் சுண்ணச்சத்து மாத்திரையை உண்டு வருகின்றனர். பெரும்பாலும் மூட்டு வலிக்கென்று தொடங்கிய பழக்கம் இது. அண்மைக் காலமாக வேறொரு வினாவும் நம் காதில் விழுகின்றது. “குடலில் பாலிப் இருந்ததென்று எடுத்துவிட்டார்கள், கால்சியம் தின்றால் அது மறுபடி வராதாமே, உண்மைதானா?” என்பதே அவ்வினா. இதற்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரே சொல்லில் விடையிறுக்க இயலாது. ஆயினும் தெளிவான விடை உண்டு. அதனைப் படிப்படியாகக் காண்போம்.

முதற்கண் பாலிப் என்பது யாதென அறிவோம். பெருங்குடலின் உட்சுவரில் சிறு மொட்டுப் போலவோ, பருப் போலவோ கிளைக்கும் சதை வளர்ச்சியே அது. அதில் பல வகை உண்டு. அடினோமா என்னும் வகை, உடனடியாகத் தீங்கு செய்யாது. வலியும் பெரும்பாலும் இராது. ஆயினும் அதனுட் சில, நெடுங்காலம் கழித்துப் புற்றுநோயாக மாறும். அம்மாற்றத்திற்குப் பொதுவாகப் பத்தாண்டு அளவில் ஆகின்றது. இக்கால இடைவெளியே மனிதனுக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு. களைப் பயிரை விதை விழுமுன் பிடுங்குவது போல, மொட்டு நிலையிலேயே அதனை நீக்கிவிட்டால் நோய்க்கு இடமில்லை. ஒரு முறை அடினோமா தோன்றியவர்க்கு மீண்டும் தோன்றும் வாய்ப்பு மற்றவரைவிட மிகுதி. இவர்களையே பாலிப் வரும் இயல்பினர் என்கின்றோம்.

இவர்களுக்குச் சுண்ணச்சத்து உதவும் என்னும் எண்ணம் எங்ஙனம் பிறந்தது? கொழுப்பைச் செரிக்க நம் கல்லீரல் பித்தநீரைச் சுரக்கின்றது. அதிலுள்ள பித்த அமிலங்களில் ஒரு பகுதி பெருங்குடலை அடைந்து, அதன் மெல்லிய உட்சுவரை அரிக்கின்றது. அரிப்புற்ற சுவர் தன்னைப் புதுப்பித்துக் கொள்ள விரைந்து வளர்கின்றது. விரைந்த வளர்ச்சியில் பிழைகள் நேரலாம். சுண்ணச்சத்து இப்பித்த அமிலங்களோடும் கொழுப்பு அமிலங்களோடும் சேர்ந்து, கரையாத சவர்க்காரம் போன்ற பொருளாகி, அரிக்கும் வலிமையை அடக்கிவிடும் என்று 1984இல் அறிஞர் சிலர் கருத்துரைத்தனர். உப்பு நீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து போவதை நம் தாய்மார்கள் அறிவார்கள். அந்நீரிலுள்ள சுண்ணச்சத்து செய்யும் வேலை அது. குடலிலும் அத்தகைய வேலையே நிகழ்கின்றது எனக் கொள்ளலாம்.

கருத்து அழகியது. ஆனால் அழகிய கருத்தெல்லாம் உண்மையாகிவிடாது. இதனை உலகுக்கு உணர்த்திய பெரும் ஆய்வொன்று நம் மண்ணிலேயே நடந்தது என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும். 1968இல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரைச் சூழ்ந்த பகுதியில், காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியின் பயனை அளக்கும் ஆய்வு தொடங்கியது. 209 ஊராட்சிகளும் 9 நகரங்களும் அதில் அடங்கின. 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. யாருக்குத் தடுப்பூசி, யாருக்கு மருந்தில்லாத ஊசி என்பதைக் குலுக்கல் முறையே முடிவு செய்தது. பெரியவர்க்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பதே அதன் முடிவு. பதினைந்தாண்டுத் தொடர் கண்காணிப்பின் அறிக்கை 1999இல் வெளியாயிற்று. குழந்தைகளைக் கொடிய வகைக் காசநோயினின்று காப்பதற்காக அவ்வூசி இன்றும் பிறந்தவுடன் போடப்படுகின்றது. அது வேறு செய்தி. அனைவரும் நம்பிய ஒன்றையும் குலுக்கலிட்டு, எண்ணிப் பார்த்தே ஏற்க வேண்டும் என்னும் பாடத்தை உலகுக்குக் கொடுத்த மக்களுள் நம் மூதாதையரும் இருந்தனர். நோய்ப் பரவலை ஆராயும் தேசிய நிறுவனம் ஒன்று, அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இயங்கி வருவதும் நம் இளைஞர் கருத்தில் கொள்ளத்தக்கது. அதன் வாயிலைப் பேருந்தில் கடந்து செல்லும் மாணவர், ஒரு நாள் அதனுள்ளே பணியாற்றவும் கனவு காணலாம்.

இனிச் சுண்ணச்சத்தை எண்ணிப் பார்த்தவர் கண்டது யாது? 1999இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், அண்மையில் அடினோமா நீக்கப்பட்ட 930 பேர் பங்கு கொண்டனர். குலுக்கல் முறையில் ஒரு சாரார்க்கு நாள்தோறும் 1200 மில்லிகிராம் சுண்ணச்சத்தும், மறு சாரார்க்கு மருந்தில்லா மாத்திரையும் அளிக்கப்பட்டன. முதலாம் ஆண்டிலும் நான்காம் ஆண்டிலும் குடலை நோக்கினர். இவ்விரு சோதனைகளுக்கு இடையே புதிய அடினோமா தோன்றியவர், மருந்தில்லா மாத்திரை உண்டவருள் நூற்றுக்கு 38 பேர். சுண்ணச்சத்து உண்டவருள் நூற்றுக்கு 31 பேர். வேறுபாடு நூற்றுக்கு ஏழு. இளைஞர்களே, இந்தக் கணக்கை மனத்தில் வையுங்கள். ஏறத்தாழ பதினான்கு பேர் பல்லாண்டு மாத்திரை உண்டால் ஒருவர் பயன் பெறுகின்றார். மாத்திரை உண்டும் நூற்றுக்கு 31 பேருக்கு மொட்டு மீண்டும் வந்தது. பயன் உண்டு, ஆனால் சிறிது. மேலும், மொட்டுக் குறைந்ததைத்தான் அவ்வாய்வு கண்டது. புற்றுநோய் குறைந்ததா என்பதை அன்று.

2006இல் மற்றொரு பெரிய ஆய்வின் முடிவு வெளியாயிற்று. மாதவிடாய் நின்ற 36,282 பெண்டிர் அதில் பங்கு பெற்றனர். நாள்தோறும் 1000 மில்லிகிராம் சுண்ணச்சத்தும் வைட்டமின் டி-யும் ஏழாண்டு அளவில் உண்டும், பெருங்குடற் புற்றுநோய் குறையவில்லை. மாத்திரை உண்டவருள் 449 பேருக்கும், உண்ணாதவருள் 381 பேருக்கும் சிறுநீரகக் கல் தோன்றியது. இவர்கள் பாலிப் வந்தவர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர். அவர்களுட் பலர் ஏற்கெனவே போதிய சுண்ணச்சத்தைப் பெற்று வந்தவர்கள். நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்றினால் என்ன பயன் என்றும் இதனைக் கொள்ளலாம்.

பின்னர் 2015இல், அடினோமா நீக்கப்பட்ட 2,259 பேரிடம் நடந்த ஆய்வு வெளிவந்தது. அதில் சுண்ணச்சத்தும் வைட்டமின் டி-யும், தனித்தோ சேர்ந்தோ, குறிப்பிடத்தக்க பயன் எதனையும் தரவில்லை. அதே மக்களை மேலும் சில ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியபோது, ‘இரம்பப்பல் மொட்டு’ என்று கூறத்தக்க வேறு வகைப் பாலிப், சுண்ணச்சத்து உண்டவரிடம் மிகுதியாகத் தோன்றியது என 2018இல் அறிவித்தனர். மாத்திரையைத் தொடங்கி ஆறு முதல் பத்தாண்டுகள் கழித்து இது புலப்பட்டது. பெண்டிர்க்கும் புகைபிடிப்போர்க்கும் இவ்விடர் கூடுதலாக இருக்கலாம் என்னும் குறிப்பும் அதில் இருந்தது.

ஆகவே நாம் கொள்ளத்தக்க முடிவு இதுவே: பாலிப் வந்தவர், அது மீண்டும் வராமற்காக்கும் ஒரே நோக்கத்தோடு, மருத்துவரைக் கேளாமல் கடையில் கால்சியம் மாத்திரை வாங்கி ஆண்டுக்கணக்கில் உண்ண வேண்டியதில்லை. எலும்பு மெலிவு போன்ற வேறு காரணத்திற்காக மருத்துவர் எழுதித் தந்திருந்தால் தொடர்க. கருவுற்ற தாய்மார்க்கு அரசு மருத்துவமனையில் வழங்கும் சுண்ணச்சத்து மாத்திரை தாய்க்கும் சேய்க்கும் இன்றியமையாதது; இவ்வுரையைக் கேட்டு அதனை நிறுத்திவிடலாகாது.

மாத்திரை உண்போர் அறிய வேண்டிய சில செய்திகளும் உள. அட்டையில் ‘கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.’ என்றிருந்தால், அதில் சுண்ணச்சத்து 500 மி.கி. மட்டுமே. அதனை உணவோடு உண்பது நலம். இரும்புச்சத்து மாத்திரையோடு ஒரே வேளையில் உண்டால் இரும்புச்சத்தின் பயனைச் சுண்ணச்சத்து குறைக்கும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். முன்பே சிறுநீரகக் கல் வந்தவரும், சிறுநீரகம் பழுதுற்றவரும் மருத்துவரைக் கேளாமல் தொடவே கூடாது. மாத்திரையால் மலச்சிக்கல் வருதலும் உண்டு.

மாத்திரை வேண்டாவெனில் சத்துக்கு எங்கே போவது? நம் அடுப்பங்கரைக்கே போகலாம். 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தினர், வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் சுண்ணச்சத்து வேண்டும் என வரையறுத்தனர். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. அதே அளவு முருங்கைக் கீரையில் 300க்கு மேல் உண்டு. இருநூறு மில்லி பாலில் 240 அளவில் கிடைக்கும். முள்ளோடு மென்று உண்ணும் நெத்திலி போன்ற சிறுமீனும், எள்ளும் நல்ல ஊற்றுகள். கேழ்வரகுக் கூழைப் புளிக்க வைத்துக் கரைப்பது நம் பாட்டிமார் வழக்கம். புளிக்கும்போது, சத்தைக் கட்டி வைக்கும் பொருள் குறைந்து, உடல் அதனை எளிதில் ஏற்கின்றது. 1960களில் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. வயற்காட்டை விட்டு ஆலை வாயிலுக்கு வந்த நம் மக்கள் கூழை விட்டுத் தீட்டிய அரிசிக்கும் பரோட்டாவுக்கும் மாறினர். ‘கூழ்குடித்தவன்’ என்னும் ஏளனமும் அம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. ஏளனத்திற்கு அஞ்சி நாம் கைவிட்ட அந்த உணவில் சுண்ணச்சத்தும் இருந்தது, குடலைக் காக்கும் நார்ச்சத்தும் இருந்தது.

இவ்விடத்தில் இறைச்சியைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2015இல், பதப்படுத்திய இறைச்சி பெருங்குடற் புற்றுநோயை உண்டாக்கும் என்றும், செவ்விறைச்சி பெரும்பாலும் உண்டாக்கக்கூடும் என்றும் வகைப்படுத்தியது. செவ்விறைச்சி என்பதில் மாடு, ஆடு, பன்றி மூன்றும் அடங்கும். மாட்டிறைச்சிக்கென ஒரு தீட்டும், ஆட்டிறைச்சிக்கென ஒரு விலக்கும் அறிவியலில் இல்லை. செல்வர் வீட்டு ஆட்டுக்கறிப் பிரியாணிக்கும் நம் வீட்டு மாட்டுக்கறிக் குழம்புக்கும் அது கூறும் அறிவுரை ஒன்றே: சமைத்த இறைச்சி வாரத்திற்கு 350 முதல் 500 கிராமுக்கு மேற்படாதிருக்கட்டும். உப்பிட்டு உலர்த்திய உப்புக்கண்டம் பதப்படுத்திய இறைச்சியின் பாற்படும். அதனைக் குறைத்துக் கொள்வோம். நம் உணவை இழிவென்பாரின் சொல்லுக்கு அஞ்சி அதனை விடவும் வேண்டா; அவர்மீது கொண்ட சினத்தால் அளவை மீறவும் வேண்டா. அளவு நம் உடலுக்காக நாமே வகுத்துக் கொள்வது. புகையும் மதுவும் குடற்புற்றுக்கு வழிகோலுவன என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

மாத்திரையின் பயன் சிறிது என்றோம். அப்படியாயின் பெரும்பயன் தருவது எது? மொட்டைக் கண்டுபிடித்து நீக்குவதே. கொலோனாஸ்கோபி என்னும் சோதனையில், வளையும் குழாயின் நுனியிலுள்ள விளக்கும் கருவியும் கொண்டு பெருங்குடல் முழுவதையும் பார்த்து, கண்ட மொட்டை அப்போதே பெரும்பாலும் நீக்கிவிடுவர். 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இவ்வாறு அடினோமா நீக்கப்பட்ட 1,418 பேரைச் சராசரி ஆறாண்டு அளவில் கண்காணித்தனர். எதிர்பார்த்த அளவைவிடப் பெருங்குடற் புற்றுநோய் நூற்றுக்கு 76 முதல் 90 பங்கு வரை குறைந்திருந்தது. சுண்ணச்சத்தின் சிறு பயனையும் இதனையும் அருகருகே வைத்து நோக்குங்கள். பையிலுள்ள பணமும் மனத்திலுள்ள அக்கறையும் எதற்குச் செல்ல வேண்டும் என்பது தானே விளங்கும்.

ஒரு முறை மொட்டு எடுத்தவர் வேலை முடிந்தது என்றிருத்தல் கூடாது. ஒன்றிரண்டு சிறு அடினோமா எனில் ஏழு முதல் பத்தாண்டுகளிலும், ஒரு சென்டிமீட்டர் அளவோ அதற்கு மேலோ இருந்தால் மூன்றாண்டிலும் மறுசோதனை செய்வது இன்றைய மரபு. உரிய ஆண்டை மருத்துவர் குறித்துத் தருவார். அந்த ஆண்டை மறவாதிருப்பதே, நாள்தோறும் மாத்திரை விழுங்குவதினும் மேலான காப்பு.

மேலை நாடுகளைவிட நம் நாட்டில் இந்நோய் குறைவு. ஆதலின் அனைவரும் இச்சோதனைக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ பெருங்குடற் புற்றுநோய் வந்திருந்தால், நாற்பது வயதிலோ, அவர்க்கு நோய் கண்ட வயதிற்குப் பத்தாண்டு முன்னரோ, இவற்றுள் எது முந்தியதோ அப்போதே மருத்துவரைக் காண வேண்டும். மலத்தில் இரத்தம், வாரக்கணக்கில் மாறிய மலப்போக்கு, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை எவர்க்கு வந்தாலும் காட்ட வேண்டும். ஆடவர்க்கும் மாதவிடாய் நின்ற பெண்டிர்க்கும் இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை வந்தால், மாத்திரை கொடுத்ததோடு அமையாமல் குடலையும் பார்த்தாக வேண்டும்.

இங்கேதான் நம் சமுதாயத்தின் பழைய புண் ஒன்று குறுக்கிடுகின்றது. பிறர் மலத்தைச் சுமக்குமாறு இந்நாடு நம்மவரை வைத்திருந்தது. 1993இலும் 2013இலும் சட்டம் இயற்றித் தடுக்க வேண்டிய அளவுக்கு அக்கொடுமை நீண்டது. அவ்விழிவை நினைந்தோ என்னவோ, தம் மலத்தில் இரத்தம் கண்டாலும் வாய்திறந்து கூற நம் மூத்தோர் நாணுகின்றனர். ‘மூலமாயிருக்கும்’ என்று தாமே முடிவு செய்து, இரயில் நிலையச் சுவரில் ஒட்டிய மூல வைத்திய விளம்பரத்தைத் தேடிச் செல்கின்றனர். மூலமாகவே இருக்கலாம், அதனை முடிவு செய்ய வேண்டியவர் பார்த்தறிந்த மருத்துவரேயன்றிச் சுவரொட்டி அன்று. மருத்துவமனையில் எவரேனும் முகஞ்சுளித்தால், அந்த நாணம் அவருக்குரியது, நமக்குரியதன்று.

வழியும் அருகிலேயே உள்ளது. ஆவடியிலோ அம்பத்தூரிலோ மின்தொடர் வண்டி ஏறிச் சென்ட்ரலில் இறங்கினால், எதிரே இராசீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே சென்றால் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இரண்டிலும் குடல்நோய்ப் பிரிவுகள் உள்ளன. தொழிற்பேட்டையில் பணியாற்றுவோர்க்கு இ.எஸ்.ஐ. அட்டையும், தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையும் துணை நிற்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாற்றுப் புற்றுநோய் நிலையமும் நம் நகரிலேயே உள்ளது.

இளைஞர்களுக்கு நாம் மூன்று பணிகளைக் கூற விழைகின்றோம். ஒன்று: உங்கள் குடும்பத்தில் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் யாருக்கு எந்நோய், எவ்வயதில் வந்தது என்று பாட்டி தாத்தாவிடம் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். இரண்டு: வீட்டில் எவருக்கேனும் பாலிப் எடுத்திருந்தால், அந்த அறிக்கையைப் பத்திரப்படுத்தி, மறுசோதனை ஆண்டை அதன் மேலேயே பெரிதாக எழுதி வையுங்கள். மூன்று: மருத்துவமனைக்குச் செல்லத் தயங்கும் மூத்தவர்க்குத் துணையாய்ச் செல்லுங்கள், சீட்டு வாங்கும் வரிசையிலும், மருத்துவர் கூறுவதைக் கேட்டு எழுதுவதிலும் உங்கள் எழுத்தறிவு அவர்க்குக் கைகொடுக்கட்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பாடுபட்டது இச்சங்கம். அப்பிள்ளைகள் கற்ற கல்வி, அவர்களைக் கற்பித்த பெற்றோரின் உயிரைக் காக்கவும் பயன்படும் நாளே இவ்விழாவின் பயன் முழுமை பெறும் நாள்.